யார் பார்த்துக்கொள்வது?

‘பார்த்துக்கொள்வது’ என்ற ஒரே சொல்லுக்குள் தமிழில் ஏகப்பட்ட வேலைகள் அடங்கிக் கிடக்கின்றன. காலையில் வெந்நீர் போட்டுக் கொடுப்பது, மாத்திரையைப் பிரித்துக் கையில் வைப்பது, பல்செட்டைக் கழுவி எடுத்துவைப்பது, ரேஷன் கடைக்கும் பேங்குக்கும் கூட்டிப்போவது, ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி வரிசையில் காத்திருப்பது, நடுராத்திரி எழுந்து கழிவறை வரை கைபிடித்துப் போவது, பலமுறை கேட்ட கதையை மறுபடியும் முகம் சுளிக்காமல் கேட்பது எல்லாமே அதில் சேரும். ‘அம்மாவ யாரு பாத்துக்கறா?’ என்று உறவினர் கேட்டால் ‘பெரியவன் பாத்துக்கறான்’ என்று பதில் வரும். பெரும்பாலான வீடுகளில் அந்த வேலைகளைச் செய்துகொண்டிருப்பவர் பெரியவனின் மனைவி.

முதியோர் பராமரிப்பைப் பற்றிய பேச்சு இந்த இடத்திலிருந்து தொடங்குவதே சரி. பாசம், கடமை, நன்றி என்ற சொற்களிலேயே அதைப் பேசிக்கொண்டிருக்கும் வரை வேலை யாரோ ஒருவர் தலையில் சத்தமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். எத்தனை மணி நேரம், யார், எப்போது, எவ்வளவு செலவு என்று வாய்விட்டுப் பேசிப் பிரித்துக்கொண்ட வீடுகளில் பெரியவரும் நிம்மதியாக இருக்கிறார். பார்த்துக்கொள்பவரும் ஒடிந்துபோகாமல் இருக்கிறார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் ஏறத்தாழ 75 லட்சம் பேர். மாநில மக்கள்தொகையில் அது 10.4 சதவீதம், அப்போது நாட்டின் சராசரி 8.6. இந்தப் பங்கு 2021-ல் 13.6 சதவீதமாகவும் 2031-ல் 18.2 சதவீதமாகவும் உயரும் என்பது மத்திய அரசின் கணிப்பு. பெரிய மாநிலங்களில் கேரளம் மட்டுமே தமிழ்நாட்டுக்கு முன்னால் நிற்கிறது. மறுபக்கம், ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகளின் சராசரி எண்ணிக்கை 1992-93 தேசியக் குடும்பநல ஆய்வில் 2.5 ஆக இருந்தது. 2019-21 ஆய்வில் 1.8 ஆகிவிட்டது. ஐந்தாறு பிள்ளைகள் பிறந்த வீட்டில் ஒருவர் ஊரோடு தங்கிவிடுவார், அவர் பார்த்துக்கொள்வார் என்பது பழைய ஏற்பாடு. இன்றைய ஏற்பாட்டில் ஒரு மகனோ ஒரு மகளோ தன் பெற்றோர், துணையின் பெற்றோர் என நால்வருக்குப் பொறுப்பு. அந்த ஒருவரும் சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார். கும்பகோணம், காரைக்குடி வட்டாரங்களில் பத்துப் பேர் புழங்கிய வீட்டில் ஒற்றைப் பாட்டி விளக்கேற்றிக்கொண்டிருப்பது புதிய காட்சி இல்லை. ராமநாதபுரத்துச் சிற்றூர்களில் அதே தனிமை ஓட்டு வீட்டுக்குள், கையில் காசும் இல்லாமல் கழிகிறது.

கூட்டுக்குடும்பம் சிதைந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வது எளிது. ஆனால் அந்தக் கூட்டுக்குடும்பத்தில் கிழவர்களை எழுப்பி உட்காரவைத்ததும் துடைத்துவிட்டதும் ஊதியமில்லாத மருமகள்களும், மறுமணம் மறுக்கப்பட்டு வீட்டோடு இருந்த விதவை அத்தைகளும்தான். அந்த ஏற்பாடு திரும்பி வரப்போவதில்லை. பெண்களின் வாழ்க்கையை நினைத்தால், திரும்பி வரவும் கூடாது. புதிய ஏற்பாட்டைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

முறை வைத்துச் சோறு

சொத்தைப் பிரிக்கும்போதே பெற்றோரையும் பிரித்துக்கொள்வது தமிழ்நாட்டின் பல ஊர்களில் வழக்கம். இரண்டு மகன்கள் இருந்தால் அப்பா ஒருவனிடம், அம்மா ஒருவனிடம். மூன்று நான்கு மகன்கள் என்றால் மாதத்துக்கு ஒரு வீடு என்று முறை. கணக்குப்படி இது நியாயமான பங்கீடு. அனுபவிக்கும் பெரியவருக்கோ இது ஓயாத இடமாற்றம். பழகிய கட்டில், பழகிய கழிவறை, இருட்டிலும் கைபோகும் சுவிட்ச், மாலையில் பேச்சுத்துணைக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரி எல்லாம் முப்பது நாளுக்கு ஒருமுறை மாறிவிடும். மாத்திரைப் பை ஒரு வீட்டில், மருத்துவச் சீட்டு இன்னொரு வீட்டில் தங்கிப்போகும். நினைவு மங்கத் தொடங்கியவர்களை இந்த அலைச்சல் இன்னும் வேகமாகக் குழப்பும். ஐம்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த இருவரை, செலவைச் சமமாக்குவதற்காகத் தனித்தனி ஊரில் வைப்பது எந்தக் கணக்கிலும் சேராத கொடுமை.

பெரியவரை ஒரே இடத்தில் இருக்கவிட்டு, வேலையையும் செலவையும் சுற்றிவரச் செய்வதே மேல். உடன் இருப்பவர் அன்றாட வேலையைச் செய்வார். பணம் மற்றவர்களிடமிருந்து மாதந்தோறும் வரவேண்டும். வெளியூரில் இருப்பவர் போன் வழியாகவே முடிக்கக்கூடிய வேலைகள் நிறைய: மின்கட்டணம், சொத்துவரி, காப்பீட்டுத் தாள்கள், மருத்துவரிடம் நேரம் வாங்குவது, பரிசோதனை முடிவுகளைச் சேர்த்து வைப்பது. இதைவிடப் பெரிய உதவி, வருடத்தில் ஒரு மாதமாவது ஊருக்கு வந்து முழுப்பொறுப்பையும் ஏற்று, இத்தனை நாள் பார்த்துக்கொண்டவரை ஓய்வுக்கு அனுப்புவது. இரண்டு வாரம் விருந்தாளியாக வந்து, ‘அம்மா ஏன் இப்படி எளச்சுட்டாங்க?’ என்று கேட்டுவிட்டுப் போகும் பிள்ளை, உடன் இருப்பவரின் ஒரு வருட உழைப்பை ஒரே கேள்வியில் கீழே தள்ளிவிடுகிறார்.

மகளைக் கணக்கில் சேர்க்காமல் இருப்பதும் பழைய பழக்கத்தின் மிச்சம். 1956-ம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டமே, வயதான பெற்றோரைப் பராமரிக்கும் கடமையை மகன், மகள் இருவர்மீதும் வைத்தது. ‘பொண்ணு வீட்ல கைநனைக்கக் கூடாது’ என்று தயங்கும் பெற்றோர் இன்னும் உண்டு. ஆனால் மகளின் வீட்டில்தான் மனதுக்கு நிம்மதி என்று தெரிந்தும் ஊர்வாய்க்குப் பயந்து மகன் வீட்டுத் திண்ணையில் காலம் தள்ளுபவர்களை, அங்கே போய் இருக்கும்படி உறவினர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கூலிக்கு ஆள் வைப்பது இன்று நகரங்களில் பரவிவிட்டது. ‘ஹோம் நர்ஸ்’ என்று சொல்லப்படுபவர்களில் பலர் முறையான பயிற்சி பெறாத, கிராமத்திலிருந்து வந்த நடுவயதுப் பெண்கள். இருபத்துநான்கு மணி நேரமும் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய்விரித்துக் கிடப்பார்கள். அவர்களுக்கும் ஊரில் வயதான தாய் உண்டு. அந்தத் தாயை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. வாரத்துக்கு ஒருநாள் விடுப்பு, இரவில் தொடர்ந்து சில மணி நேரத் தூக்கம், தூக்கி உட்காரவைப்பது எப்படி என்ற பயிற்சி ஆகிய மூன்றும் இல்லாமல் ஒரு மனுஷியால் இன்னொரு உடம்பைப் பல மாதங்கள் பொறுமையாகக் கையாள முடியாது.

குளியலறை, தட்டு, மாத்திரைப் பை

பராமரிப்புச் செலவில் முதல் ரூபாய் குளியலறைக்குப் போக வேண்டும். முதியவர்கள் விழுவது வெளியே தெருவில்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது வீட்டுக்குள், ஈரத்தரையில், இரவில், கழிவறைக்குப் போகும் வழியில் நடக்கிறது. எலும்பு மெலிந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால், அதுவரை தானாக நடமாடியவர் படுக்கையில் விழுந்து, அங்கிருந்து சளியும் படுக்கைப்புண்ணும் தொற்றிக்கொண்டு ஆறே மாதத்தில் முடிந்துபோன கதை எல்லாத் தெருவிலும் உண்டு. சுவரில் இரண்டு கைப்பிடிக் கம்பி, சொரசொரப்பான தரை, உட்கார்ந்து எழ வசதியான கழிப்பறை அல்லது கமோடு நாற்காலி, குளிக்க ஒரு பிளாஸ்டிக் முக்காலி, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள், கட்டிலிலிருந்து கழிவறை வரை விடியும் வரை எரியும் சின்ன விளக்கு என்று இத்தனைக்கும் ஆகும் செலவு ஓர் எலும்பு அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எண்ணெய்க் குளியல் நாளில் தரையை உடனே சீயக்காய் போட்டுக் கழுவிவிட வேண்டும். வழுக்கும் மிதியடி, தடுக்கும் நிலைப்படி, தரையில் புரளும் வேட்டி நுனி எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பள்ளங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலைசுற்றும். ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டு எழுவதைப் பழக்கமாக்கிவிட்டால் பல விழுதல்கள் தவிரும்.

இத்தகைய மாற்றங்களைக் குடும்பமாகப் பேசி முடிவுசெய்யவும் ஒரு நாள் வேண்டும். அறுபதுக்கும் எண்பதுக்கும் கல்யாணம் நடத்துவதில் தமிழ்க் குடும்பங்களுக்கு இருக்கும் ஆர்வம் திருக்கடையூருக்குப் போனால் தெரியும். நாள்தோறும் சஷ்டியப்தபூர்த்தியும் பீமரத சாந்தியும் சதாபிஷேகமும் அங்கே நடக்கின்றன. பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் ஒன்றுகூடும் அந்த நாளே, குடும்பமாக உட்கார்ந்து ‘அடுத்த பத்து வருஷத்துக்கு என்ன ஏற்பாடு?’ என்று பேசுவதற்கும் நல்ல நாள். எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பது அன்று மட்டும்தான்.

‘வயசானவங்களுக்குக் கஞ்சி போதும்’ என்ற எண்ணம் பாசத்தோடு செய்யப்படும் தவறு. பல் போனதும் சோற்றைக் குழைத்து ரசம் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் மாவுச்சத்து மட்டும் சேரும், தசை கரையும், தசை கரைந்தால் கால் தள்ளாடும். மசித்த பருப்பு, முட்டை, தயிர், முள் எடுத்த மீன், ஊறவைத்து வேகவைத்து மசித்த பயறு என்று புரதம் தினமும் தட்டில் இருக்க வேண்டும். தாக உணர்வு முதுமையில் குறைந்துவிடுவதால் கேட்கும்வரை காத்திருக்காமல் அவ்வப்போது தண்ணீர் கொடுக்க வேண்டும். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு மட்டும் அளவை மருத்துவர் சொல்வார். இரவில் எழ வேண்டியிருக்கும் என்று பயந்து பல பாட்டிகள் மாலையோடு தண்ணீரை நிறுத்திக்கொள்கிறார்கள். அதன் விளைவு மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் காய்ச்சலே இல்லாமல்கூடத் திடீரென்று பிதற்றத் தொடங்கலாம். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று ஆளை மாற்றிச் சொல்கிறார் என்றால் அதை ‘வயசு’ என்று தள்ளிவிடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மாத்திரைகளின் கதை தனி. சர்க்கரைக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், மூட்டுவலிக்கு ஒருவர் என்று மூன்று மருத்துவர்கள் எழுதிய மாத்திரைகள் ஒரே பையில் சேர்ந்து, ஒரே மருந்து இரண்டு பெயரில் இரண்டு தடவை வயிற்றுக்குள் போவதுண்டு. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொத்தப் பையையும் அப்படியே ஒரே மருத்துவர் முன் கொட்டிக் காட்டி, எது தேவை, எதை நிறுத்தலாம் என்று கேட்பதைப் பிள்ளைகளில் ஒருவர் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளலாம். முதியோர் மருத்துவம் என்ற தனித்துறை இதற்காகவே உருவானது; இந்தியாவில் அது வேர்பிடித்தது சென்னையில். டாக்டர் வி.எஸ். நடராஜன் முன்னின்று 1978-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கான புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். நாட்டிலேயே முதன்முதலாக முதியோர் மருத்துவப் பட்டமேற்படிப்பு 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் வந்தது. கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 200 படுக்கைகளுடன் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டிருக்கிறது. மாவட்டங்களில் இந்தத் துறை இன்னும் வளர வேண்டும்.

காது, கண், பல் மூன்றையும் சின்ன விஷயம் என்று விட்டுவிடுகிறார்கள். காது கேட்காதவர் பேச்சிலிருந்து விலகுவார். விலகியவரை வீடு மறக்கும். ‘அப்பா யார்கிட்டயும் பேசறதில்ல’ என்ற புகாருக்குப் பின்னால் காதில் அடைத்த குரும்பியோ, போடாத காதுக்கருவியோ இருக்கலாம்.

‘சோறே போடல’

மறதிநோய் வந்த வீட்டின் துயரத்தை அனுபவித்தவர்களே அறிவார்கள். மருமகள் ஊட்டிவிட்ட பத்தாவது நிமிடம் மாமியார் வாசலுக்குப் போய், ‘காலைலேர்ந்து எனக்குச் சோறே போடல’ என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்வார். ஊர் நம்பும். நகை காணவில்லை என்று வேலைக்காரப் பெண்மீது பழி விழும். நகை தலையணை உறைக்குள் இருக்கும். சாயங்காலம் ஆனதும் தன் சொந்த வீட்டிலேயே இருந்துகொண்டு ‘வீட்டுக்குப் போகணும்’ என்று பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடப்பார். இதில் பொய்யும் இல்லை, பிடிவாதமும் இல்லை. மூளையின் செல்கள் அழிவதால் வருவது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் பலருக்கு அது நோய் என்றே யாரும் சொன்னதில்லை. ‘வயசானா அப்படித்தான்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

முதல் வேலை, மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்வது. தைராய்டுக் குறைவு, பி12 குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பின்விளைவு ஆகியவையும் மறதிபோலத் தோற்றம் காட்டும். அவற்றைச் சரிசெய்ய முடியும். உண்மையான மறதிநோய் என்றால் திருத்த முயல்வதில் பயனில்லை. ‘இப்பதானே சாப்பிட்டீங்க’ என்று வாதாடினால் கோபமும் அழுகையுமே மிஞ்சும். இன்னும் இரண்டு வாய் மோர்சாதமோ ஒரு வாழைப்பழமோ கொடுத்துப் பேச்சை மாற்றுவது இருவருக்கும் நிம்மதி. நேரம் தவறாத அன்றாட ஒழுங்கு, பழகிய பாட்டு, கைக்கு ஏற்ற வேலை இவை மனதை அமைதிப்படுத்தும். ஐம்பது வருடம் பூக்கட்டிய கைக்கு மறதிநோயிலும் பூக்கட்டத் தெரியும். கீரை ஆயவும் பயறு பொறுக்கவும் தெரியும். சட்டைப் பையிலோ புடவை ஓரத்திலோ பெயரும் போன் எண்ணும் தைத்து வைக்க வேண்டும். தெருமுனை டீக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு, பூக்காரம்மா என்று ஒரு சிலரிடம் விஷயத்தை மறைக்காமல் சொல்லிவைக்க வேண்டும். மானம் போய்விடும் என்று மறைக்கும் வீடுகளில், பெரியவர் ஒருநாள் வெளியே போய்விட்டால் தேடுவதற்கு ஆளிருக்காது.

பத்திரமும் பணமும்

முதுமையில் மரியாதை கையிலிருக்கும் காசோடு ஒட்டியது என்பதைச் சொல்லக் கூசத் தேவையில்லை. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது; 2023-ல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதில் மத்திய அரசின் பங்கு 80 வயதுக்குக் கீழ் 200 ரூபாய், அதற்கு மேல் 500 ரூபாய். மிச்சத்தை மாநிலம் தருகிறது. ‘ஓஏபி பணம்’ வந்த நாளில் பேரனுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுக்கும் பாட்டியின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொகை மருந்துச் செலவையும் தாண்டி என்ன தருகிறது என்று புரியும். அந்தப் பணத்தையும் ஏடிஎம் அட்டையையும் பிள்ளைகள் வாங்கி வைத்துக்கொள்வது, எத்தனை அன்பான வீடாக இருந்தாலும், சுரண்டலின் முதல் படி. வயலிலும் சட்டியிலும் தேய்ந்த விரல்களில் ரேகை விழாமல் ரேஷன் கடைக் கருவி முன் நிற்கும் மூதாட்டிகளுக்கு, தங்களுக்குப் பதில் ஆளை நியமித்துப் பொருள் வாங்கலாம் என்ற ஏற்பாடு இருப்பதையே பெரும்பாலும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதிக் கொடுத்த பிறகு நிலைமை மாறிப்போன பெற்றோர்தான் சட்டத்தைத் தேடிப் போகிறவர்களில் கணிசமானவர்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. பராமரிப்புத் தொகையாக மாதம் 10,000 ரூபாய் வரை விதிக்க முடியும். மனுவை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்துக்கு வாரிசாக வரக்கூடிய உறவினரிடம் கேட்கலாம். பெரியவரைக் கைவிட்டு விட்டுப் போவது மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கத்தக்க குற்றம். இந்தச் சட்டத்தின் 23-ம் பிரிவு மிக முக்கியமானது: பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்து எழுதிக் கொடுக்கப்பட்டு, வாங்கியவர் பராமரிக்கத் தவறினால், பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். நிபந்தனை இருந்தது நிரூபிக்கப்பட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதியோரைக் காக்க வந்த சட்டம் என்பதால் அதற்குத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதுகாப்பான வழி, செட்டில்மென்ட் பத்திரத்திலேயே பராமரிப்பு நிபந்தனையையும், ஆயுள் முழுக்க அந்த வீட்டில் இருக்கும் உரிமையையும் தெளிவாக எழுதிவைப்பது. அதைவிடப் பாதுகாப்பானது உயில். உயிரோடு இருக்கும்வரை அதை மாற்றி எழுதலாம். முதியோருக்கான உதவி எண் 14567. சட்டம், ஓய்வூதியம், கொடுமை, கைவிடப்பட்டவரை மீட்பது எல்லாவற்றுக்கும் அதில் அழைக்கலாம். ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டிப் பணம் பறிக்கும் அழைப்புகள் தனியாக இருக்கும் ஓய்வூதியர்களைக் குறிவைக்கின்றன, அதற்கு அழைக்க வேண்டிய எண் 1930.

பிள்ளைமீது வழக்குப் போடும் தாய் அரிது. ‘அவன் ஜெயிலுக்குப் போயிட்டா பேரப்பிள்ளைக என்ன ஆகும்?’ என்று மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்பவர்களே அதிகம். அதனால்தான் சட்டத்துக்கு முன்னால் தெரு கண்திறந்திருக்க வேண்டியிருக்கிறது.

தெருவும் ஊரும்

திண்ணைகள் இடிந்து மதில்கள் எழும்பியபோது முதியவர்களின் மன்றம் கலைந்துபோனது. அதற்கு மாற்றாக எதையாவது திட்டமிட்டே கட்ட வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் ஹெல்ப்ஏஜ் இந்தியா அமைப்பு உருவாக்கிய தாமரைக்குளம் முதியோர் கிராமம், ஆதரவற்றவர்களை ஒரு கூடத்தில் வரிசையாகப் படுக்கவைக்காமல் ஊர்போலவே வாழவைக்கும் முயற்சி. அதே அமைப்பு முதியவர்களைக் கொண்டே சுயஉதவிக் குழுக்களையும் கட்டியது. மகளிர் குழுக்கள் வயதைக் காரணம் சொல்லி விலக்கிய பாட்டிகள், சேமித்து, கடன் வாங்கி, ஆடு வளர்த்து, தங்களில் ஒருவர் படுத்துவிட்டால் மாறிமாறிப் போய்ப் பார்த்துக்கொள்ளவும் செய்கிறார்கள். முதியவர் என்றால் கொடுக்கப்படுபவர் மட்டும்தான் என்ற எண்ணமே பிழை. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியதுதான் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை.

பக்கத்து மாநிலம் கேரளத்திடம் கற்க நிறைய இருக்கிறது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-ல் தொடங்கிய வலித்தணிப்புச் சங்கம், பிறகு மலப்புரத்தில் அக்கம்பக்கத்துக்காரர்களையே தன்னார்வலர்களாக்கியது. ஆட்டோ ஓட்டுநர், மாணவர், கடைக்காரர் என்று யாராக இருந்தாலும் சில நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு, வாரத்தில் ஓரிரு மணி நேரம் தன் பகுதியில் படுக்கையில் இருப்பவரைப் பார்த்துவிட்டு வருவார். காயத்துக்குக் கட்டுப்போடுவது முதல் அந்த வீட்டுக் குழந்தையின் பள்ளிச் செலவுக்கு வழிசெய்வது வரை அந்தக் குழுவின் கவலை. 2008-ல் மாநில அரசு இதைக் கொள்கையாக ஏற்று, ஊராட்சிகளின் பொறுப்பில் செவிலியர்களை வீடுதேடி அனுப்பியது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளையும் இயன்முறைச் சிகிச்சையையும் நோய்த்தணிப்புச் செவிலியரையும் வாசலுக்குக் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம், தொடக்கத்தில் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு, ரேஷன் பொருளை வீட்டிலேயே கொடுத்தது. அதே ஆண்டு பட்ஜெட்டில் பகல்நேரப் பராமரிப்புக்காக 25 ‘அன்புச்சோலை’ மையங்கள் அறிவிக்கப்பட்டன. இந்தப் பகல்நேர மையங்களே இன்றைக்கு அவசரத் தேவை. காலையில் பால்வாடியில் குழந்தையை விடுவதுபோல் பெரியவரை விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம் என்றால், வேலையை விட்டு வீட்டில் முடங்கும் மகள்களின் எண்ணிக்கை குறையும். 25 என்பது தொடக்கம். ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் ஒன்றாவது வேண்டும். பள்ளிக்கு அருகில் அமைந்தால் இன்னும் நல்லது. பிள்ளைகளின் சத்தம் காதில் விழும் இடத்தில் உட்காருவதை விரும்பாத பெரியவர் குறைவு.

படுக்கையில் விழுந்தபின்

தென்மாவட்டங்களின் சில பகுதிகளில் ‘தலைக்கூத்தல்’ என்ற பெயரில், மீளமுடியாமல் படுத்துவிட்ட முதியவரின் உயிரைக் குடும்பமே முடித்துவைக்கும் வழக்கம் இருந்துவருவது 2010 வாக்கில் வெளியுலகுக்குத் தெரியவந்தது. இது கொலை. அதில் மாற்றுக்கருத்துக்கு இடமில்லை. ஆனால் அந்த வீடுகளுக்குள் போனவர்கள் கண்டது, கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாத குடும்பம், மாதக்கணக்கில் மலமும் சலமும் படுக்கையிலேயே, புண்ணிலிருந்து எழும் நாற்றம், வலியைத் தணிக்க ஒரு மருந்தும் இல்லாத நிலை. இவற்றைத் தீர்க்காமல் அந்தக் குடும்பத்தை ஏசுவதோடு நிறுத்திக்கொண்டால் அடுத்த வீட்டிலும் அதுவே நடக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தால், தோலை ஈரமில்லாமல் வைத்திருந்தால், காற்றுப்படுக்கையோ நீர்ப்படுக்கையோ கிடைத்தால் பெரும்பாலும் புண் வராது. வந்த புண்ணையும் ஆற்ற முடியும். உணவைத் தலையை நிமிர்த்தி வைத்து, சின்னச் சின்ன வாயாக ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போவது குறையும். வாரம் ஒருமுறை ஒரு செவிலியர் வந்து பார்த்துச் சொல்லிக்கொடுத்தால் எழுதப்படிக்கத் தெரியாத மகளும் இதைச் செய்துவிடுவார். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், ஊர்ச் சங்கம் எதுவாக இருந்தாலும் சக்கர நாற்காலி, கமோடு நாற்காலி, காற்றுப்படுக்கை ஆகியவற்றை வாங்கிவைத்து வீடுகளுக்கு இரவல் கொடுக்கலாம். ஒரு வீட்டில் தேவை முடிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போகும்.

மீளமுடியாத கட்டத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றது. அதற்கான நடைமுறையை 2023-ல் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். தெளிவாகப் பேசும் நாளிலேயே கேட்டுக்கொள்ள வேண்டியவை இன்னும் உண்டு. கடைசி நாட்கள் ஆஸ்பத்திரியிலா, வீட்டிலா? வீடு என்றால் எந்த அறையில், எந்த ஜன்னல் பக்கம்? யாரைப் பார்க்க வேண்டும், பேசாமலிருக்கும் தம்பிக்குச் சொல்லி அனுப்ப வேண்டுமா? பெரும்பாலான வீடுகளில் இந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை, அபசகுனம் என்று. கேட்ட வீடுகளில் பெரியவரிடம் பதில் தயாராகவே இருந்திருக்கிறது.